'லை', 'லே' என்ன வித்தியாசம்? செஞ்சிக் கோட்டையை வைத்தே ஈஸியா புரிஞ்சுக்கலாம்!

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025 ஜூலையில் 12 மராத்தியக் கோட்டைகள் இடம்பிடித்தன. அவற்றில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். இந்தக் கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுத உட்கார்ந்தால், பலரும் தடுமாறுவது இரண்டு சின்ன வினைச்சொற்களில். ஒன்று 'லை' (எல்-ஐ-இ), இன்னொன்று 'லே' (எல்-ஏ-ஒய்).

அர்த்தம் என்ன?

'லை' என்றால் கிடப்பது, அமைந்திருப்பது. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் செஞ்சி இருக்கிறது என்பதை 'செஞ்சி லைஸ் பிட்வீன்...' என்றுதான் எழுத வேண்டும். 'லேஸ்' என்று எழுதினால் தப்பு.

'லே' என்றால் ஒன்றை வைப்பது, கிடத்துவது, போடுவது. அடிக்கல் நாட்டுவது, ரோடு போடுவது, கோழி முட்டையிடுவது எல்லாமே 'லே'தான். முற்றுகையிடுவதற்கும் இதே சொல். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1698-ல்தான் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. அந்த முற்றுகையை ஆங்கிலத்தில் 'லேய்ட் சீஜ் டு செஞ்சி' என்பார்கள்.

இலக்கணம் என்ன சொல்லுது?

தமிழில் 'கிட', 'கிடத்து' என்று இரண்டு சொல் இருக்கிறதே, அதே கணக்குதான். குழந்தை கிடக்கிறது, அம்மா குழந்தையைக் கிடத்துகிறாள். முதல் வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. அது 'லை'. இரண்டாவதில் 'குழந்தையை' என்ற செயப்படுபொருள் இருக்கிறது. அது 'லே'.

அப்போ குழப்பம் எங்கே வருது?

இறந்தகாலத்தில்தான்.

• கிட: லை – லே – லேய்ன்
• கிடத்து: லே – லேய்ட் – லேய்ட்

'லை'யின் இறந்தகாலமும் 'லே'தான்! ராஜகிரி மலை உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அது இப்போது கிடக்கிறது என்றால் 'லைஸ்'. அன்று கிடந்தது என்றால் 'லே'. வீரர்கள் அதை அங்கே கிடத்தினார்கள் என்றால் 'லேய்ட்'.

இன்னொன்றையும் கவனிக்கணும். பொய் சொல்வதற்கும் 'லை' என்றுதான் பெயர். ஆனால் அதன் இறந்தகாலம் 'லைட்' (எல்-ஐ-இ-டி). பீரங்கி கிடந்தது என்று நினைத்துக்கொண்டு இதை எழுதினால், பீரங்கி பொய் சொன்னது என்று ஆகிவிடும்!

தேர்வில் எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

வினைச்சொல்லிடம் 'எதை?' என்று கேளுங்கள். 'அடிக்கல்லை', 'முட்டையை' என்று பதில் வந்தால் 'லே' வரிசை. பதில் வரவில்லை என்றால் 'லை' வரிசை. அதற்கப்புறம் காலத்தைப் பாருங்கள். நேற்று நடந்ததா, இன்று நடப்பதா என்று முடிவு செய்துவிட்டு, மேலே உள்ள வரிசையில் சரியான வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கட்டிலில் படுத்திருப்பதை 'ஐ ஆம் லேயிங்' என்று சொல்பவர்கள் நிறைய பேர். எதைக் கிடத்துகிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் 'ஐ ஆம் லையிங்' என்பதே சரி.