மக்கெரேரே, 1962: அழைப்பிதழில் இடம்பெறாத மொழிகள்

1962 ஜூன் மாதம், உகாண்டா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, கம்பாலா நகரின் மக்கெரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று நடைபெற்றது. நைஜீரியாவின் சினுவா அச்செபே, வோலே சோயிங்கா, கிறிஸ்டோபர் ஒகிக்போ, தென்னாப்பிரிக்காவின் எசெக்கியேல் ம்பாலேலே, அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஆகியோர் அதில் கலந்துகொண்டனர். ஆப்பிரிக்க இலக்கியம் என்பது எது என்னும் கேள்வியே அங்கு முதன்மை பெற்றது.

ஆனால் அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை மாநாட்டின் பெயரே முன்கூட்டித் தீர்மானித்திருந்தது. அது ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்கர்களின் மாநாடு. ஆதலால் சுவாஹிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும், யொரூபா நாவலாசிரியர் ஃபகுன்வாவுக்கும் அங்கு இடமில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சிறுகதைகளை வெளியிட்டிருந்த மக்கெரேரே மாணவர் ஒருவருக்கோ இடம் கிடைத்தது. அவர்தாம் பின்னாளில் கூகி வா தியாங்கோ என்று அறியப்பட்டவர். தம் நாவலின் கையெழுத்துப் படியை அவர் அச்செபேயிடம் படிக்கக் கொடுத்ததும் அம்மாநாட்டில்தான். 1964இல் அந்நாவல் நூலாக வெளிவந்தது.

மறு ஆண்டே எதிர்ப்புக் குரல் எழுந்தது. கம்பாலாவிலிருந்து வெளிவந்த 'டிரான்சிஷன்' இதழில் நைஜீரியத் திறனாய்வாளர் ஓபி வாலி, ஐரோப்பிய மொழிகளையே நம்பும் ஆப்பிரிக்க இலக்கியம் முட்டுச்சந்தில்தான் போய் நிற்கும் என்று வாதிட்டார். ஆங்கிலத்தை ஆப்பிரிக்க அனுபவத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்ள முடியும் என்பது அச்செபேயின் நிலைப்பாடு. மாநாட்டுக்கு நிதியளித்த பண்பாட்டு விடுதலைப் பேரவையின் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது என்ற செய்தியும் 1960களின் பிற்பகுதியில் அம்பலமாயிற்று.

இவ்விவாதம் எழுத்தாளர்களோடு நிற்கவில்லை, வகுப்பறைக்கும் சென்றது. 1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி, ஹென்றி ஒவூர்-அன்யும்பா, தாபான் லோ லியோங் ஆகிய மூவரும் ஆங்கிலத் துறையையே ஒழிக்க வேண்டும் என்று எழுதினர். ஆங்கில இலக்கியத்தை அறவே விலக்குவது அவர்களுடைய நோக்கமன்று. ஆப்பிரிக்க இலக்கியத்தையும் வாய்மொழி மரபையும் பாடத்தின் நடுவில் வைத்து, பிறவற்றை அதனோடுள்ள உறவில் கற்பிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நைரோபியின் பாடத்திட்டம் அத்திசையில் மாறியது.

கூகி தம் தாய்மொழியாகிய கிக்கூயூவுக்குத் திரும்பியதற்கு விலையும் உண்டு. அம்மொழியில் கிராம மக்களோடு இணைந்து உருவாக்கிய நாடகத்தைத் தொடர்ந்து, 1977 டிசம்பர் 31 அன்று அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையின்றி ஓராண்டு அடைபட்டிருந்த சிறையில், கழிவறைத் தாளில் கிக்கூயூ நாவல் ஒன்றை எழுதினார். தமிழில் அது 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என வெளிவந்துள்ளது.

மக்கெரேரே மாநாடு பல ஆங்கில எழுத்தாளர்களை உலகறியச் செய்தது உண்மை. எனினும் அது வெளியே நிறுத்திய மொழிகளைப் பற்றிய கேள்வியே அதன் நெடுநாள் விளைவாயிற்று. இலக்கிய மாநாடுகளின் வரலாற்றை எழுதுவோர், அரங்கில் பேசியவர்களோடு அழைக்கப்படாதவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.