லயத்து வீடு

மலேசியாவின் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னை, ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த தமிழர் பிறந்த வீட்டை 'லயத்து வீடு' என்பார்கள். ஒரே நீளக் கூரை, அடுத்தடுத்து அறைகள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கத்துக் கிழவி எழுந்து உட்காருவாள்.

இந்த லயம் இசையின் லயம் அல்ல. குதிரை லாயமும் அல்ல. மிருகங்களைப் போல அடைத்தார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்பாரும் உண்டு. அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது, சொல் வரலாறுதான் வேறு.

ஆங்கில 'லைன்'தான் மூலம். பிரிட்டிஷ் இந்தியாவில் சிப்பாய்கள் தங்கிய வரிசைக் குடியிருப்பு 'லைன்ஸ்' எனப்பட்டது. டில்லியின் சிவில் லைன்ஸும் தமிழ்நாட்டின் போலீஸ் லைனும் அந்தப் பெயரின் மிச்சங்கள். தோட்ட முதலாளிகள் அதைக் 'கூலி லைன்ஸ்' ஆக்கினார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு'கூட பட்டாளத்துப் 'பரேட்'தான். தொழிலாளியைப் படையாள் போல நிறுத்தி எண்ணிய நிர்வாகத்தின் மனம் இந்த இரண்டு சொல்லிலும் தெரிகிறது.

தமிழர் வாயில் லைன் லயனாகி, லயமாயிற்று. மரம் மரத்தில் என்றாவது போல லயம் லயத்தில் என்று வேற்றுமையும் ஏற்றது. இலங்கை மலையகத்தில் லயன், லயம் இரண்டும் வழங்குகின்றன.

டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில், மலாயாத் தோட்டங்களில் அத்தாப்பு ஓலையும் பலகையும்தான் லயம். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது; கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் கொண்டுவந்தார்கள். பலகைக்குப் பின் தகரக் கூரை வந்தது, செங்கல் வந்தது, தனித்தனி வீடுகளும் வந்தன. கல்வீடான பின்னும் பேச்சில் அது லயமாகவே இருந்தது. தோட்டத்து வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் கேட்கும் சட்டம் 1966இல் வந்தது. 1990இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

வேலையோடு சேர்ந்த வீடு மலாயாவுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்துக் கிராமங்களிலும் நிலக்கிழார்கள் பண்ணையாட்களுக்குச் செங்கல்லில் வரிசை வீடுகள் கட்டினார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பதே அங்கும் நிலை. 1976இல் ஒரு சட்டம் பண்ணைத் தொழிலாளரின் குடியிருப்புக்குக் காப்பு தந்தது. நிலக்கிழார்கள் கட்டிய அந்தச் செங்கல் குடில்கள் பல இன்று பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள்.

மலேசியாவில் தோட்டங்கள் கைமாறியபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்காக நீதிமன்றம் ஏறிய தொழிலாளர்கள் பலர். தரத்தைப் பேசிய சட்டங்கள் அவர்களை அந்த வீட்டுக்கு உரிமையாளர் ஆக்கவில்லை.