ஏலமலைச் சரிவில் எழுதப்படாத பாதைகள்

போடிநாயக்கனூரின் செல்வம் மலையிலிருந்து இறங்கி வந்தது. ஏலக்காய் விளைவது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், இடுக்கி மலைகளில். அதற்கு விலை படியும் முக்கிய ஏலச் சந்தைகளில் ஒன்று போடி. செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரங்களில் குனிந்து காய் பறிக்கும் ஆட்களை, விடியுமுன்னே ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் ஏற்றிச் செல்கின்றன. சாலை வருமுன் ஆளும் சரக்கும் போய்வந்தது ஒற்றையடிப் பாதைகளில்தான். தலைமுறைகளாக எல்லோரும் நடந்த அந்தப் பாதைகள் பொதுச்சொத்து. ஆனால் அப்படி முறையாகப் பதிவாகாததால், கேட்பாரின்றி அழிகின்றன.

கேட்பாரின்றி அழியும் அந்தப் பாதைகள் எவ்வளவு உறுதியானவை என்பதைத் தேயிலையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன்தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்த பிறகு மூணாறு தோட்டக்காடாயிற்று. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் வந்தது; 1908இல் அது குறுகிய ரயில்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷன்வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகம் போயின. 1924 வெள்ளம் மலை ரயிலை அடித்துச் சென்றது. ரோப்வேயும் பிறகு இல்லாமல் போயிற்று. மிஞ்சியது டாப் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்கும் நடைபாதை. கம்பெனி முதலீடு நூறாண்டு தாங்கவில்லை. மக்கள் கால்பட்ட தடம் தாங்கியது.

நிலத்துக்காவது ஆவணம் இருக்கிறது, அதற்காக வழக்காட ஆள் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு 1897இல் அறிவித்த ஏலமலைக் காப்புக்காடு 15,720 ஏக்கராவா, 2,15,720 ஏக்கராவா என்ற சர்ச்சை உச்ச நீதிமன்றம்வரை போய், 2024 அக்டோபரில் புதிய பட்டாக்களுக்கு இடைக்காலத் தடை வந்தது. ஏட்டில் ஏறிய நிலத்துக்கே இந்தப் பாடு என்றால், ஏறாத பாதையின் கதியை யோசிக்கலாம். சமவெளியில் வண்டிப்பாதைப் புறம்போக்கை ஒருவர் வளைத்தால், கிராம வரைபடத்தைக் காட்டித் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். மலைப்பாதையில் தோட்டத்து முள்வேலி விழுந்தால் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

குரங்கணியை மறந்துவிட்டுப் பேசலாமா என்பார்கள். மறக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்து, மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள். தீ பரவும் கோடைக் காலத்தில், கொழுக்குமலைச் சரிவில் கூட்டத்தை இறக்கியதே பிழை. அதற்கு மருந்து பருவத் தடை, அனுமதிச் சீட்டு, உள்ளூர் வழிகாட்டி. பாதையையே மறந்துவிடுவது மருந்தாகாது. அன்று மீட்புக்கு முதலில் மலையேறியவர்களில் வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள்; பாதை தூர்ந்துபோனால் அந்த அறிவும் தூர்ந்துபோகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தபோது, ஒழுங்குபடுத்தித் திறக்க முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது.

ஆள் நடமாட்டம் விலங்குகளைக் கலைக்கும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கலைக்கும்தான், எல்லாப் பாதையையும் எல்லோருக்கும் எந்நாளும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பதிவு செய்வது வேறு, திறந்துவிடுவது வேறு. பதிவான பாதையை அரசு காரணம் சொல்லி, காலம் குறித்து மூடலாம். பதிவாகாத பாதையை எவரும் காரணமின்றி விழுங்கலாம். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம்கூட, காப்புக்காட்டில் ஒரு வழியை அடைத்தால் வசதியான மாற்று வழி இருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம், கவுண்டி மன்றங்கள் பொது நடைபாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்றது. தனியார் வயலினூடே போகும் பாதைக்கும் அங்கே பொது உரிமை உண்டு. அதனால் வயலின் உடைமை பறிபோகவில்லை. பாதை பதிவானால் நிலம் போய்விடும் என்ற தோட்ட உரிமையாளர்களின் அச்சத்துக்கும் இதுவே பதில்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. கொட்டகுடி, குரங்கணி, அகமலை ஊர்க்காரர்களும் முதுவர், பளியர் பழங்குடி முதியவர்களும் வழிகளைச் சொல்ல, வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து அளந்து, கிராம சபையில் வாசித்து, வரைபடத்தில் ஏற்ற வேண்டும். நடந்து பழகிய தலைமுறை உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். அவர்களுக்குப் பிறகு அளப்பதற்குத் தடமும் இருக்காது, சாட்சியும் இருக்காது.