கருமருந்தும் காவலரும்

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் செல்லும் சாலைகளின் இருபுறமும் பட்டாசுத் தொழிலை நம்பியே பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கருமருந்து அத்தொழிலின் அடிப்படை. பழைய நாட்டுத் துப்பாக்கியின் குழலில் இடித்து நிரப்பப்பட்டதும் இதே கருமருந்துதான். நாடெங்கும் வெடிக்கும் பட்டாசுகளில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் இம்மண்ணில், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போர் மிகச் சிலரே. இரவு நேரத்தில் ஒரு காவலர் கையில் லத்தியோடு வந்து கதவைத் தட்டும்போது, உள்ளிருந்து குண்டு பாயுமோ என்று அஞ்சி நிற்பதில்லை. இந்த அச்சமின்மை எவ்வாறு வந்தது? அதற்கு விலை கொடுத்தவர் யார்?

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே துப்பாக்கி அரிய பொருளாக இருக்கவில்லை. ஏழாயிரம்பண்ணை, சேத்தூர், கொல்லங்கொண்டான் ஆகிய பாளையங்கள் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. வேலும் வாளும் திரிதுப்பாக்கியும் ஏந்திய வீரர்கள் பாளையந்தோறும் இருந்தனர். ஊர்க்காவலும் சீமைக்காவலும் ஆயுதம் ஏந்தியவரிடமே இருந்தன. அதற்காகக் குடிகள் காவல் வரி செலுத்தினர். களவு போன பொருளுக்கு ஈடு தருவது காவல்காரரின் கடமை. ஏற்பாடு சீரானதே. ஆனால் காவல்காரரே தவறினால் குடியானவன் யாரிடம் முறையிடுவான்? வரி கொடாத ஊர் கொள்ளைக்கு இலக்காயிற்று என்று கும்பினி அதிகாரி லஷிங்டன் குறை கூறினார். பாளையக்காரரை ஒடுக்க விரும்பியவரின் சொல்லை நாம் முழுதும் நம்ப வேண்டியதில்லை. எனினும் காவலும் ஆயுதமும் ஒரே கையில் குவிந்து, அக்கையைக் கேட்பதற்கு ஆளில்லாதபோது எளியவன் நிலை என்னவாகும் என்பதை எவரும் உணரலாம்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணைப் பாளையமும் பறிமுதலாயிற்று. 1801-இல் மீண்டும் மூண்ட போர், அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதோடு ஒடுங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரரும் அவருடைய ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் வந்தது. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்கச் செய்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. மக்களின் உயிர்மீது கொண்ட அன்பினாலன்று, மக்கள்மீது கொண்ட அச்சத்தினாலேயே துப்பாக்கி பறிக்கப்பட்டது என்பதற்கு இவ்விலக்கே சான்று.

ஆயுதத்தைக் கொடுத்தவருக்குக் காவல் கிடைத்ததா? 1899 ஜூன் 6 அன்று பெருங்கூட்டம் ஒன்று சிவகாசியைத் தாக்கியது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. காவல்துறையால் அதைத் தடுக்க இயலவில்லை. சுற்றுவட்டாரத்தில் கலவரம் அடங்கப் படை வரவேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை பதிவதை எதிர்த்த மக்கள்மீது காவல்துறை சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தனர். ஓரிடத்தில் காக்க வேண்டிய கை வரவில்லை. மற்றோரிடத்தில் வந்த கை சுட்டது.

எனவே 1931-இல் கராச்சி காங்கிரஸ் தன் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்ததில் வியப்பில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதே உரிமையைக் கோரினார். திருடரும் கொள்ளையரும்கூட அவ்வுரிமையைக் கேட்க இடமாகும் என்று கருதிய அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. மாறாக நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. அந்நியன் அச்சத்தால் பறித்ததை, விடுதலை பெற்ற மக்கள் தாமே மனமுவந்து துறந்த தருணம் அது.

அத்துறவின் பயனை எண்களிலும் காணலாம். 2016 இறுதியில் நாட்டில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுத உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை உத்தரப் பிரதேசத்தில். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22 ஆயிரமே. தேர்தல் வந்தால் அவற்றையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலோ மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் மிகுதி. அங்கே 2021-இல் தாக்கிக் கொல்லப்பட்ட காவலர் 73 பேரில் 61 பேர் துப்பாக்கிக்கு இரையாயினர். துப்பாக்கி மலிந்த மாநிலங்களில் காவலர் கொலை விகிதம் ஏனைய மாநிலங்களைப்போல் மும்மடங்கு என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சாலையில் நிறுத்தப்பட்ட காரோட்டி சட்டைப்பைக்குள் கைவிட்டாலே காவலருக்கு நெஞ்சு துடிக்கிறது. அவர் முந்திக்கொண்டு சுடுகிறார். ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் பேர் அங்கே காவலரின் குண்டுகளால் மடிகின்றனர். மக்கள் கையிலுள்ள துப்பாக்கி, காவலரை அடக்கமுள்ளவராக ஆக்கவில்லை, அஞ்சுபவராகவே ஆக்கியிருக்கிறது.

நம்மிடையேயும் காவல் பணி ஆபத்தற்றதன்று. 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடியவர்களைத் துரத்திச் சென்ற நவல்பட்டுச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். அரிவாளுக்கு உரிமம் தேவையில்லை. ஆயினும் வில்சனின் மரணம் தமிழகம் முழுவதையும் உலுக்கியதே, ஏன்? இங்கே காவலர் ஒருவர் சுடப்படுவது அத்துணை அரிது.

இங்கேதான் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். காவலரின் பாதுகாப்பு அவர் இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கியால் வந்ததன்று. எதிரே நிற்பவர் வெறுங்கையோடு நிற்பதால் வந்தது. அது மக்கள் அவருக்குக் கொடுத்த கொடை. கொடை பெற்றவருக்குக் கடன் உண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டதில் பலர் இறந்தனர். சுடுவதற்கான கட்டாயம் ஏதும் எழவில்லை என்றே நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை கண்டது. அது 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மக்கள் தம் பங்கைக் காத்தனர். அரசு தன் பங்கைக் காக்கவில்லை.

இதற்கு மாற்று, மக்களும் துப்பாக்கி ஏந்துவதா? பாளையத்து நாள்களும் அமெரிக்கச் சாலைகளும் அவ்வழி எங்கே செல்லும் என்பதைக் காட்டிவிட்டன. மாற்று வேறு. ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் வெளிப்படையான விசாரணை வேண்டும். கண்ட குற்றத்துக்குத் தாமதமில்லாத தண்டனை வேண்டும். அரிவாளுக்கு முன் தனியே நிற்கும் கீழ்நிலைக் காவலருக்குத் துணையும் பயிற்சியும் வேண்டும். கருமருந்தைக் கையாளும் தொழிலாளி, ஒரு சிறு உராய்வும் உயிரைக் குடிக்கும் என்பதை அறிந்து, அளவறிந்து, அடக்கத்தோடு அதைத் தொடுகிறார். துப்பாக்கியை மக்கள் யாரிடம் ஒப்படைத்தார்களோ, அவர்களும் அதே அடக்கத்தோடு அதைத் தொடவேண்டும் என்று கேட்பது மிகையாகாது.