கைம்மையும் மறுமணமும்: கிறிஸ்தவ ஒழுக்கவியலில் ஒரு மறுவிசாரணை

திருச்சபைகளின் பாலொழுக்க போதனை பெரும்பாலும் விவாகமாகாத இளையோரை மனத்திற் கொண்டே வகுக்கப்பட்டிருப்பதால், பல்லாண்டு இல்லறம் நடத்தித் துணையை மரணத்துக்குக் கொடுத்தவர்களும், தனி விசாரணை ஏதுமின்றி, அதே விதியின்கீழ் நிறுத்தப்படுகின்றனர். ஆதித் திருச்சபையோ இவர்களைப் பற்றி மிகுதியாகச் சிந்தித்தது. அச்சிந்தனையுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதே ஈண்டு விசாரம்.

கணவன் மரித்தபின் மனைவி அவனைப் பற்றிய பிரமாணத்தினின்று விடுதலையாகிறாள் என்று ரோமருக்கு எழுதிய பவுல், கொரிந்தியருக்கு எழுதுங்கால், விசுவாசியான ஒருவனை அவள் மணக்கத் தடையில்லை யென்றும், தனித்திருப்பதே தம் அபிப்பிராயத்தில் மேலென்றும் கூறினார். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம், 60 வயதுக்குட்பட்டோரை விதவைகளின் அட்டவணையிற் சேர்க்கலாகாதென்று விதித்து, இளையவர்கள் மணம் புரிவதையே விரும்புகிறது. இத்துணைத் தெளிவான அனுமதி இருந்தும், கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், 200ஆம் ஆண்டளவில் தம் மனைவிக்கு எழுதிய நூலில் மறுமணம் வேண்டாமென்று அறிவுரை யளவிற் சொன்னவர், பின்னர் மனைவியை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதுகையில் குரலைக் கடுமையாக்கி, மொந்தானியர் என்னும் கடுநெறிப் பிரிவினரைச் சார்ந்த காலத்தில் இரண்டாம் விவாகத்தை விபசாரத்துக்கு இனமென்றே தள்ளிவிட்டார்.

சபை இக்கடுமையை ஏற்கவில்லை. 325இல் நிசேயாவிற் கூடிய சங்கம், சபையினின்று பிரிந்த கடுநெறியாளன் நொவாத்தியனைச் சார்ந்த குருமார் திரும்பிவருங்கால், இருமுறை மணந்தோருடன் ஐக்கியம் கொள்வதாக எழுத்தில் ஒப்பவேண்டுமென எட்டாம் விதியில் நிபந்தனை வைத்தது. 414இல் கைம்மையின் நன்மையை எழுதிய அகுஸ்தீனும் மறுமணத்தைக் கண்டித்தாரல்லர். எனினும், தெர்த்துல்லியன் காட்டிய காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: கைம்பெண் தன் கணவனின் ஆன்மாவுக்காக ஜெபிக்கிறாள், அவன் மரித்த நாள் ஆண்டுதோறும் வரும்போது காணிக்கை செலுத்துகிறாள், ஆதலால் அவர்தம் உறவு அறவில்லை என்பது அவர் வாதம். அதிலிருந்து அவர் கண்ட முடிவு பிழை. கண்ட உண்மையோ மெய். முடிவைத் தள்ளிய சபை உண்மையையும் உடன் தள்ளிவிட்டமையால், துணையிழந்தோரின் பிரச்சினை அடங்காத இச்சையென்றும், மறுமணம் அதற்கு மருந்தென்றுமே பெரும்பாலும் பேசப்படலாயிற்று. எழுபது வயதினர் இருவர் மணக்க விரும்புவது ஏன் என்பதற்கு இந்த வைத்தியத்தில் விடை கிடையாது!

விடை சுவிசேஷத்திலேயே உளது. ஏழு சகோதரரை அடுத்தடுத்து மணந்தவள் உயிர்த்தெழுதலில் எவனுக்கு மனைவியாவாள் என்று சதுசேயர் வினவியபோது, அங்கே கொள்வனையும் கொடுப்பனையும் இல்லையென்று கூறி, அவ்வுரிமைக் கேள்வியையே இயேசு செல்லாததாக்கினார். அங்ஙனமாயின் மரித்தவரும் புதிதாய் வருபவரும் ஒருவரையொருவர் விலக்கும் போட்டியாளர் அல்லர். முதல் துணையின் நினைவைப் பேணுவது இரண்டாம் துணைக்குத் துரோகமாகாது. அளக்க வேண்டியது இச்சையின் வேகத்தை அன்று. கொடுக்கும் வாக்கின் நேர்மையையும், பிள்ளைகளுக்குள்ள கடமையையும் ஆகும்.

இவ்வளவுகோலுக்கு ஒரு சோதனை: அமெரிக்காவில் 60 வயதுக்கு முன் மறுமணம் செய்யும் விதவை, மரித்த கணவரின் பேரில் வரும் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகையைப் பொதுவாக இழந்துவிடுகிறார். ஆதலால் அரசாங்கப் பதிவின்றிச் சபையின் ஆசீர்வாதம் மட்டும் கேட்போர் உண்டு. அவர்களைக் காமுகர் என்பது அறியாமை. 1563இல் திரெந்துச் சங்கம் குருவின் முன்னிலையை வற்புறுத்தும்வரை, இருவரின் சம்மதமே செல்லத்தக்க விவாகமாக மேலைச் சபையில் கொள்ளப்பட்டது; எனவே பதிவின்மை ஒன்றே அவ்வுறவைப் பழுதாக்காது. ஆயின் ஊரார்க்கும் பிள்ளைகளுக்கும் மறைத்து வைத்த வாக்கு வாக்காகாதென்பதால், சபை நடுவில் அறிவியாத ஆசீர்வாதத்தை நான் ஆதரியேன்.

மறுமணத்தின்மேல் பழைய கடுமை இன்றும் எஞ்சிய ஓரிடம் உண்டு: கத்தோலிக்க சபையில் விவாகமானவர்களையும் நிரந்தரத் தியாக்கோன்களாக்கும் வழக்கம் 1967இல் புதுப்பிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் மனைவியை இழந்தால், கைக்குழந்தைகள் இருப்பினும், விசேஷ விலக்கின்றி மறுமணம் செய்யலாகாது. விசுவாசிகள் பொருட்டு நிசேயா விலக்கிய கடுமை தியாக்கோன்கள்மீது நிலைபெற்றிருப்பதற்குத் தக்க நியாயம் எதனையும் நான் காணவில்லை.