மன்னர் விழா மக்கள் விழாவான வரலாறு

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே லீக்டென்ஸ்டைன் என்னும் முடியரசு ஒன்று உண்டு. அதன் பரப்பு 160 சதுர கிலோமீட்டரே. நம் பாரதம் சுதந்தரத் திருநாள் கொண்டாடும் ஆகஸ்டு 15-ஆம் நாளே அச்சிறு நாட்டுக்கும் தேசியத் திருநாள். மரியன்னையின் விண்ணேற்புப் பெருநாளோடு, மறுநாள் வரும் மன்னர் இரண்டாம் பிரான்சு யோசேப்பின் பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடும் பொருட்டு, 1940-இல் அந்நாள் தேசிய விழாவாயிற்று. மன்னர் 1989-இல் மறைந்தார், விழா மறையவில்லை. குடிகள் அதனைத் தமதாக்கிக் கொண்டதே காரணம்.

இவ்வுண்மையைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் தங்கவயல் அடங்கியிருந்த மைசூர் இராஜ்யத்தின் தசராவே தக்க சான்றாகும்.

1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்ட ராஜ உடையார், விஜயநகரப் பேரரசர் வழியைப் பின்பற்றி அங்கே நவராத்திரி விழாவைத் தொடங்கினார். 1799-க்குப் பின் மைசூர் தலைநகராகவே, விழாவும் அங்குச் சென்றது. பத்தாம் நாளாகிய விஜயதசமியன்று பொன் அம்பாரியில் மன்னர் அமர, யானை முன்செல்ல, ஊர்வலம் அரண்மனையிலிருந்து வன்னிமரத் திடலாகிய பன்னிமண்டபம் சென்றடையும்.

காட்சியினும் பெரிது ஒன்றுண்டு. செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்து மைசூர் திவானாக உயர்ந்த ரங்காச்சார்லு, 1881-இல் மக்கள் பிரதிநிதி சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள், தசரா காலத்தில், 144 உறுப்பினர் முதன்முதலாகக் கூடினர். அதன்பின் ஆண்டுதோறும் தசராவையொட்டி நாட்டின் குறைகள் அச்சபையில் எடுத்துரைக்கப்பட்டன. விழா காண வந்த குடிகள் வழக்கையும் சொல்லிச் செல்லும் ஏற்பாடு எத்துணைச் சிறந்தது!

எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அச்சபையில் முதலில் அமர்ந்தவர் நிலக்கிழாரும் வணிகருமே. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து, பூமிக்கடியில் இறங்கி உழைத்த நம் முன்னோர்க்கு ஆங்கே இருக்கையில்லை. ஆயினும் அவர்கள் வெட்டிய தங்கத்தின்மேல் அரசு ராயல்டி பெற்றது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பெற்ற சிவசமுத்திர மின்நிலையம், 1902-இல் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து முதலில் மின்சாரம் அனுப்பியது நம் சுரங்கங்களுக்கே. பெங்களூர் நகரத் தெருக்கள் மின்னொளி பெற்றது 1905-இல்தான். தசரா இரவில் மைசூர் அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒளிர்வதைக் கண்டு வியப்போர், அந்நாட்டில் மின்சாரம் முதலில் தேடி வந்த இடம் எதுவென்று எண்ணிப் பார்ப்பரா? அப்பேரொளியில் நம்மவர் வியர்வைக்கும் பங்குண்டு என்பதை நம் பிள்ளைகளேனும் அறிதல் வேண்டும்.

பிரதிநிதி சபை 1949-இல் முடிவுற்றது. 1971-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் மன்னர்களின் தனியுரிமைகளும் நீங்கின. தசரா நின்றுவிட்டதா? இல்லை. இன்று மாநில அரசே விழாவை நடத்துகின்றது. மன்னர் வீற்றிருந்த அம்பாரியில் சாமுண்டேசுவரி அம்மன் எழுந்தருளுகின்றாள். வீதியின் இருமருங்கிலும் திரண்டு நிற்பவர் அதே மக்களே. விழாவின் உயிர் சிம்மாசனத்தில் இல்லை, வீதியில்தான் இருந்தது என்பது தெளிவு.

அன்பர்களே! நம் சுரங்கங்களும் 2001, பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. சங்கு ஊதி நம்மை அழைத்த அரசு போயிற்று. வேலை தேடிப் பலர் ஊர்விட்டுச் சென்றனர்; நாளும் இரயிலேறிப் பெங்களூர் சென்று மீள்வோர் பலர். இந்நிலையில், "சுரங்கமே இல்லை, இனிச் சங்கம் எதற்கு?" என வினவுவாரும் உளர். மன்னர் இன்றியும் தசரா நிற்கிறது. அதுவே அவர்க்கு நம் விடை. ஆண்டுக்கொரு நாள் குடும்பத்தோடு கூடித் தமிழால் ஒன்றுபடும் இவ்விழாவை, நம் பிள்ளைகள் தமதென்று ஏற்கும்வரை நாம் காத்தல் கடன். அவர்கள் ஏற்றபின் அது தானே வாழும்.