டவரே இல்லாத நடுக்கடலுக்கு புயல் எச்சரிக்கை போவது எப்படி? செயற்கைக்கோள் செய்யும் வேலை இதுதான்!

தேவனாம்பட்டினத்தில் இருந்தோ, பரங்கிப்பேட்டையில் இருந்தோ கிளம்பும் படகு கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் சிக்னல் கட் ஆகிவிடும். டவர் எல்லாம் கரையில்தானே இருக்கு! அதற்குப் பிறகு திடீரென புயல் உருவானால், படகில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இதுதான் பெரிய சிக்கலானது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட கன்னியாகுமரி, கேரள மீனவர்களை எட்ட வழியில்லை. பலர் கரை திரும்பவே இல்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் தகவல் தொடர்பு செயற்கைக்கோள் கைகொடுக்கிறது.

செயற்கைக்கோள் என்ன செய்கிறது?

வானத்தில் இருக்கும் ஒரு டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு சுற்று சுழலும் அதே நேரத்தில் இதுவும் ஒரு சுற்று வரும். அதனால் நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். திருவதிகையில் மாடி மேல் ஒருமுறை திருப்பி வைத்த டிடிஎச் டிஷ்ஷை மறுபடி நகர்த்தத் தேவையில்லாததும் இதனால்தான்.

தரையில் இருந்து போகும் சிக்னல் அங்கே சேரும்போது ரொம்ப பலவீனமாகிவிடும். செயற்கைக்கோளில் உள்ள டிரான்ஸ்பாண்டர் அதை வாங்கி, அலைவரிசையை மாற்றி, வலுவாக்கி, கீழே அனுப்பும். மேலே போய் கீழே வர கால் விநாடிதான்!

ஆடும் படகில் டிஷ் நிற்குமா?

நிற்காது. அதற்குத்தான் ஜிசாட்-6. 2015 ஆகஸ்ட் 27-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோ ஏவியது. விண்வெளிக்குப் போன பிறகு குடை மாதிரி விரியும் 6 மீட்டர் ஆண்டெனா இதில் இருக்கிறது. மேலே அவ்வளவு பெரிய ஆண்டெனா இருப்பதால், படகில் சின்ன கருவியே போதும்.

மழை பெய்தால் டிவி போய்விடுகிறதே, புயலில் இது வேலை செய்யுமா?

நியாயமான கேள்வி. டிடிஎச் பயன்படுத்துவது 'கேயு பேண்ட்' அலைவரிசை. கனமழை அதை உறிஞ்சிவிடும். ஜிசாட்-6 படகுக் கருவியோடு பேசுவது 'எஸ் பேண்ட்' அலைவரிசையில். மழையால் அதற்கு பெரிய பாதிப்பு இல்லை.

மீனவருக்கு என்ன பயன்?

படகில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் கருவி, புளூடூத் வழியாக செல்போனோடு இணையும். புயல் எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வரும். சர்வதேச கடல் எல்லையை நெருங்கினாலும் எச்சரிக்கும். ஆபத்து என்றால் படகில் இருந்தும் தகவல் அனுப்பலாம். முக்கியமான வித்தியாசம் இதுதான்: பழைய அபாய எச்சரிக்கைக் கருவியில் தகவல் ஒருவழியாகத்தான் போகும், போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது.

13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு இதைப் பொருத்தும் ரூ.364 கோடி திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கப்பட்டது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் பக்கம் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் இல்லாவிட்டால் கரையில் இருக்கும் டவரும் அதிக நேரம் தாங்காது. ஆனால் வானத்தில் இருக்கும் டவரை எந்தப் புயலும் தொடாது. படகில் கருவி ஆன் செய்திருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும். அதை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போனவர் பற்றி தகவல் இல்லையா? கரையில் இருப்பவர்கள் கடலோர காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.